மதியம் 12 மணிக்கு எங்கே இருக்கப் போகிறோம்?

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மே மாதமும் பொங்கல் லீவும் விருந்தினர் காலம். எங்கள் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா வருவார், கோவையிலிருந்து அக்கா பிள்ளைகளோடு வருவாள். பெரியம்மாவுக்கு மூட்டு வலி. அக்கா மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. வந்து இறங்கி, பையை வைத்துவிட்டுக் காபி குடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "தம்பி, ஒரு நாள் எங்கேயாவது வெளியே போகலாம்டா. எங்கே போகலாம்?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்குப் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாமல்லபுரம், காஞ்சிபுரம், முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா, எழும்பூர் அருங்காட்சியகம், வேடந்தாங்கல் என்று ஐந்துமே அருமையான இடங்கள்தான். எது பெரியது, எது புகழ்பெற்றது என்று பார்த்து முடிவெடுத்த நாட்களில்தான் நாங்கள் தவறு செய்திருக்கிறோம். இப்போது முதலில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை எங்கே இருக்கப் போகிறோம்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதி நாள் தானாக அமைந்துவிடும்.

இதைக் கற்றுக்கொண்டது ஒரு மே மாதத்தில். "காஞ்சிபுரம், மாமல்லபுரம், ஒரே நாளில் இரண்டும்" என்று ஒரு வேன்காரர் சொன்னார். நாங்களும் சரி என்று ஏறிவிட்டோம். காலை எட்டரைக்குக் கிளம்பி, பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி, வழியில் டிபன் சாப்பிட்டு, காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது மணி பதினொன்றே முக்கால். ஒரு கோயிலில் ஓட்டமும் நடையுமாகத் தரிசனம் முடித்தோம். அடுத்த கோயிலுக்குப் போனபோது நடை சாத்திவிட்டார்கள். பிராகாரத்துக் கருங்கல் தரை கொதித்தது. செருப்பில்லாத காலோடு பெரியம்மா சுவரோர நிழலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். 5 மணி தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேனிலேயே தூங்கிவிட்டார்கள். கடற்கரைக் கோயிலை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு ஊருக்கும் போய்வந்தோம், எதையும் பார்க்கவில்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சியையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். இரண்டும் பல்லவர் ஊர்கள். கடற்கரைக் கோயிலையும் காஞ்சி கைலாசநாதரையும் எழுப்பியவன் ஒரே ராஜசிம்மன்தான். அதனால் சேர்த்துப் பார்க்கும் ஆசை நியாயமானது. ஆனால் காஞ்சியில் மதியம் 12, பன்னிரண்டரை மணிக்குக் கோயில்களைச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். மாமல்லபுரத்தில் 6 மணிக்குள் பார்த்து முடிக்க வேண்டும். இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாது.

சரி, தனித்தனியாகப் பார்ப்போம்.

மாமல்லபுரம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். பிள்ளைகளோடு போக இதைவிடப் பொருத்தமான ஊர் சென்னையைச் சுற்றி இல்லை என்பது என் எண்ணம். அங்கே சிற்பங்கள் ஆளுயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஒரு பிள்ளை வரலாறு எதுவும் தெரியாமலே யானையைப் பார்த்து ஓட முடியும். ஐந்து ரதத்தில் நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் யானை நிற்கிறதல்லவா, அதன் பின்னால் போய் நின்று பாருங்கள். யானையின் முதுகு வளைவும் அந்த ரதத்தின் கூரை வளைவும் ஒன்றாக இருக்கும். அந்த வகைக் கட்டடத்துக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். அக்கா மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள். எந்தப் பாடப் புத்தகமும் அதை அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்காது.

அப்புறம் அர்ச்சுனன் தபசு. இரண்டு பெரும் பாறை, நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு, அந்தப் பிளவில் நாகர்கள். அது அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளுக்கு அந்த விவாதம் வேண்டாம், பூனையைக் காட்டினால் போதும். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை, அதை நம்பிச் சுற்றி நிற்கிற எலிகள். சின்னவன் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டேன் என்றுவிட்டான். அதே பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான் ஒன்றும் உண்டு. 1,300 வருடத்துக்கு முன்னால் ஒரு சிற்பி எங்கோ ஒரு மானைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மதியம் மாமல்லபுரத்துக்குப் போகாதீர்கள். ஐந்து ரதத்தைச் சுற்றி மணல், மேலே வெயில், ஒதுங்கச் சொல்லிக்கொள்கிற மாதிரி நிழல் கிடையாது. தொல்லியல் துறை இடம் என்பதால் செருப்போடு நடக்கலாம், அந்த வகையில் காஞ்சியைவிடப் பெரியவர்களுக்குச் சௌகரியம். ஆனால் வெயிலுக்குச் செருப்பு மட்டும் போதாது. காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை, இல்லையென்றால் மூன்றரைக்கு மேல். ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட்தான், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டிக்கெட் கிடையாது. தபசுப் பாறையைத் தெருவில் நின்றே பார்க்கலாம் என்பதால் மாலையில் போகிறவர்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு. பாறை கிழக்குப் பார்த்தது, மாலையில் வெளிச்சம் விழாது. சிற்பத்தின் ஆழம் தெரிய வேண்டுமென்றால் காலை வெயில்தான். இன்னொன்று, கடலில் இறங்க விடாதீர்கள். அங்கே இழுப்பு அதிகம்.

மாமல்லபுரத்துக்கு மாலையில்தான் போகிறோம் என்றால் மதியத்தை எங்கே கழிப்பது? இதற்கு விடையாகத்தான் தட்சிணசித்ரா எனக்குப் பிடித்துப்போனது. அதே சாலையில், சென்னைக்கு அருகிலேயே, முட்டுக்காட்டில் இருக்கிறது. மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் 1996-இல் திறந்தது. தென்னிந்தியாவில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் 18 வீடுகள். செட்டிநாட்டு வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகார வீடு, காஞ்சி நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, புயல் காற்றுக்குத் தாங்கும்படி வட்டமாகக் கட்டிய ஆந்திரக் கடலோர வீடு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நாங்கள் முதல்முறை போனபோது இது பிள்ளைகளுக்கான இடம் என்றுதான் நினைத்திருந்தேன். பெரியம்மா அந்த நினைப்பை மாற்றிவிட்டார். திருநெல்வேலி வீட்டுத் திண்ணையைப் பார்த்ததும் அவர் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஆச்சி இருந்த தெருவுல திண்ணை எல்லாம் இப்படித்தாம்ல இருக்கும். இந்தத் தூணைச் சுத்தித்தான் விளையாடுவோம்" என்று ஆரம்பித்து, ரேழி எதற்கு, முற்றத்தில் மழைத்தண்ணீர் எப்படி வடியும், நெல் குதிர் எங்கே நிற்கும் என்று அக்கா மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு அன்று வழிகாட்டியே தேவைப்படவில்லை. அவருடைய சின்ன வயதுக் கதைகளை இவ்வளவு நேரம் தொடர்ந்து நானே அதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே வெயில் எரிந்தாலும் தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டுக்குள் குளுமை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார இடம் இருக்கிறது. சாப்பாடு உள்ளேயே கிடைக்கும். பிள்ளைகள் மண்பானை வனையலாம், அதற்குத் தனிக் கட்டணம். நுழைவுக் கட்டணமும் மற்ற இடங்களைவிடக் கூடுதல்தான், நான்கைந்து பேர் போகும்போது கையைக் கடிக்கும். இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இங்கே வீடுகள் இருக்கின்றன, குடியிருப்பவர்கள் இல்லை. அடுப்படியில் புகை வாசம் கிடையாது. பழைய தெருவில் நடந்து பழகிய ஒருவருக்கு அது ஒரு வெறுமையாகத் தோன்றலாம். நண்பர்களாகச் சேர்ந்து வருகிற இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, இவ்வளவுதானா என்று கிளம்பிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். தாத்தா பாட்டியோடு வருகிறவர்களுக்குத்தான் இந்த இடம் முழுசாகத் திறக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மறக்க வேண்டாம்.

இங்கிருந்து மாமல்லபுரம் போகும்போது இன்னொரு லாபமும் இருக்கிறது. தட்சிணசித்ராவில் கூரை வேய்ந்த வீடுகளைப் பார்த்துவிட்டு, நேரே திரௌபதி ரதத்தின் முன்னால் போய் நின்றால், அது ஒரு குடிசை என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். கீற்றுக் கூரையின் அதே சரிவு, அதே வளைவு, எல்லாம் ஒரே கல்லில். மரத்திலும் ஓலையிலும் கட்டிக்கொண்டிருந்ததைக் கல்லில் செய்து பார்த்த தலைமுறை அது. வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை அந்த இரண்டு இடங்களும் ஒரே மதியத்தில் விளக்கிவிடுகின்றன. வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் உண்டு. 1976-இல் தொடங்கியது. பிள்ளைகள் முதலையைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் கல் யானை எடுபடாது என்பதால் நான் அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு வருகிறேன். இது முழு நாளும் கேட்கிற ஊர். பெரியவர்கள் மட்டும் போகிற பயணமாக இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். கோயில் என்றால் ஒன்றிரண்டு அல்ல. அதனால் எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் முக்கியம். மூன்று கோயிலுக்கு மேல் போகாதீர்கள். விடிகாலை ஐந்தரைக்குச் சென்னையை விட்டுக் கிளம்பினால் ஏழரைக்கெல்லாம் கைலாசநாதர் கோயிலில் இருக்கலாம். அந்த நேரத்தில் அங்கே கூட்டம் இருக்காது. மணற்கல்லில் எழுப்பிய கோயில் அது, காலை வெயிலில் சந்தன நிறமாக இருக்கும். திருச்சுற்றில் 58 சின்னச் சன்னதிகள். சிலவற்றுக்குள் பழைய ஓவியத்தின் மிச்சம், ஒரு கண், ஒரு கிரீடம், கொஞ்சம் சிவப்பு என்று ஒட்டிக்கொண்டிருக்கும். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போய் வெளியே வருகிற ஒரு குறுகிய வழி உண்டு. மறுபிறப்பு இல்லை என்று நம்பி நுழைவார்கள். மூட்டு வலிக்காரர்கள் அதை மட்டும் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வைகுண்டப் பெருமாள் கோயில், ஆழ்வார் வாக்கில் பரமேசுவர விண்ணகரம். பலர் இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தம். உள்சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக ஓடுகிறது. வாரிசு இல்லாமல் அரியணை காலியானபோது, தூரத்திலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவந்து முடிசூட்டினார்கள். அவன்தான் பின்னாளில் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். அவன் கதையும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. 12 வயது அக்கா மகளை இங்கேயும் ஒருநாள் கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது உங்கள் மனதுக்கு எது நெருக்கமோ அது. பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்குரிய பிருதிவித் தலமான ஏகாம்பரநாதர் கோயிலில் ராஜகோபுரம் 59 மீட்டர், கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது. காமாட்சி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் நிதானமாகத் தரிசிக்கலாம். வரதராஜப் பெருமாள் கோயில் சின்ன காஞ்சிபுரத்தில், சற்றுத் தள்ளி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நேரத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியும், குளத்துக்குள் இருந்து 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து 48 நாள் தரிசனம் தரும் அத்திவரதரின் நினைவும் அங்கே உண்டு. கடைசியாக அவர் எழுந்தருளியது 2019-இல். அந்தக் கோயிலோடு பிறந்ததுதான் காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவிப்பது. ஓட்டலில் டம்ளரில் அவித்துத் தருவதைச் சாப்பிட்டு இதுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நடை சாத்திய பிறகு மதியம் என்ன செய்வது? காஞ்சியில் அதற்குப் பதில் பட்டுதான். புடவை வாங்குகிற எண்ணம் உண்மையிலேயே இருந்தால் 12 முதல் 4 வரை போனதே தெரியாது. கூட்டுறவுச் சங்கக் கடையில் தொடங்குங்கள். தறி ஓடுகிற வீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டால் பலர் காட்டுவார்கள். உடலும் கரையும் தனித்தனி நாடா வைத்து நெய்து கோர்க்கிற கோர்வை வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த விலை ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் புடவை வாங்குவதாக இல்லையென்றால் அந்த நான்கு மணி நேரம் பெரிய சுமை. பிள்ளைகளும் கூட இருந்தால் அதைவிடச் சுமை. அந்தச் சூழ்நிலையில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவதே நல்லது. மூன்று கோயிலை நிறைவாகப் பார்த்திருப்பீர்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தை விருந்தினருக்குச் சொன்னால் முகம் வாடிவிடும், ஊருக்குள்ளேயேதானே என்பார்கள். அக்னி நட்சத்திரத்திலும், அடைமழையிலும் அதைவிட நல்ல இடம் இல்லை. 1851-இல் தொடங்கியது, மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். எல்லாக் கட்டடமும் பார்க்க நினைக்காதீர்கள். வெண்கலக் கூடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கொஞ்ச நேரம், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பூவும் பட்டும் சாத்தாத திருமேனியை அருகில் பார்க்கிற வாய்ப்பு கோயிலில் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வெயில் தாழ்ந்ததும் மயிலாப்பூர் போய்க் கபாலி கோயில், மாட வீதி என்று அந்த நாளை முடிக்கலாம். மார்கழியில் வந்தால் மதியத்துக்கு இன்னும் நல்ல பதில் உண்டு. சபாக்களில் இளம் கலைஞர்களின் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. கச்சேரி பிடிக்காதவர்களையும் கேன்டீன் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேடந்தாங்கல் மழை நன்றாகப் பெய்த வருடத்துக்கு மட்டும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான், அதிலும் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மதியத்தில் பார்ப்பதைவிட 4 மணிக்கு மேல் பாருங்கள். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இரை தேடிவிட்டுக் கூட்டம் கூட்டமாகத் திரும்பி நீர்க்கடம்ப மரங்களில் இறங்கும். ஒரு பைனாகுலர் கட்டாயம். 1798-லேயே அந்த ஊர் மக்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பழவேற்காட்டையும் சிலர் கேட்பார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளும் பூநாரைகளும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நிழலும் நல்ல கழிப்பறையும் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் பெரியவர்களோடு போகும் முதல் பயணத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பருவமானாலும் ஒரு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவிலிருந்து மாமல்லபுரம் வரை எங்கும் கால் வைக்க இடம் இருக்காது.

எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி நிற்கிறது. மே மாதத்தில் எல்லோரும் சேர்ந்து போனால் பதினொன்றுக்குத் தட்சிணசித்ரா, மூன்றரைக்கு மாமல்லபுரம். பெரியம்மா மட்டும் வந்தால் வார நாளில், விடிகாலையில் காஞ்சிபுரம். வெயில் மிஞ்சினால் எழும்பூர். வருகிற பொங்கலுக்கு அக்கா வருகிறாள், அந்த மாதத்தில் மதிய வெயில் அவ்வளவு படுத்தாது என்பதால் திட்டத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காலையில் மாமல்லபுரம், சாப்பிட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாலைக்குள் வேடந்தாங்கல். போனில் இதைச் சொன்னபோது சின்னவன் வாங்கி, பூனையை முதலில் காட்டுவீர்களா என்று கேட்டான். காலை ஏழு மணிக்கெல்லாம் அந்தப் பாறை முன்னால் இருப்போம், வெயில் நேரே அதன் மேல்தான் விழும் என்று சொல்லியிருக்கிறேன்.